தானியத் தோலில் உள்ள பீனாலிக் சேர்மங்கள்: ஓர் எளிய அறிமுகம்

ஒரு கோதுமை மணியைக் குறுக்குவாட்டில் மிக மெல்லிய சீவலாக வெட்டி, புறஊதா ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், நடுவில் உள்ள மாவுப் பகுதி ஏறக்குறைய இருண்டே கிடக்க, அதைச் சுற்றி ஓரத்தில் மட்டும் செங்கல் வரிசைபோல அடுக்கிய கட்டங்களின் சுவர்கள் நீலமாக ஒளிர்வதைக் காணலாம். சாயம் எதுவும் ஏற்றத் தேவையில்லை. அந்த நீலம் மணியின் செல்சுவரிலேயே பிணைந்திருக்கும் ஒரு பொருளின் இயல்பான ஒளிர்வு. அதன்மேல் நீர்த்த அம்மோனியாக் கரைசலை ஒரு துளி விட்டால் நீலம் பச்சையாக மாறிவிடும். ஃபெருலிக் அமிலம் என்பது அந்தப் பொருளின் பெயர். தானியங்களில் காணப்படும் பீனாலிக் சேர்மங்களுள் பெரும்பாலும் அளவில் முதலிடம் பெறுவது இதுதான்.

அந்தச் சீவலைக் கூர்ந்து பார்ப்பவருக்கு இரண்டு செய்திகள் உடனே புலப்படும். ஒளிர்வு மணியின் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்திலும் செல்லின் உள்ளே இல்லாமல் செல்லின் சுவரில் இருக்கிறது. தானியங்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் முதல் செய்தியைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இரண்டாவதுதான் இந்தப் பாடத்தின் திறவுகோலாகத் தோன்றுகிறது. இச்சேர்மங்களை எப்படிப் பிரித்தெடுப்பது, எப்படி அளப்பது, உண்டபின் உடலில் எந்த இடத்தில் அவை வெளிப்படும் என்பன போன்ற கேள்விகள் எல்லாமே, அவை சுவரோடு கட்டுண்டு கிடக்கின்றன என்ற ஒரே உண்மையைச் சுற்றித்தான் அமைகின்றன.

உமி வேறு, தவிடு வேறு

தானிய மணியை விதை என்று சொல்லிப் பழகிவிட்டோம். தாவரவியல் கணக்கில் அது ஒரு முழுக்கனி. கனியின் தோலும் விதையின் உறையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போன கனி. வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் கனித்தோல், அதற்கடுத்து விதையுறை, அதற்கும் உள்ளே அல்யூரோன் என்ற உயிருள்ள செல்களின் அடுக்கு, பிறகு கருவூண் எனப்படும் மாவுப் பகுதி, ஒரு முனையில் முளைக்கும் கரு என்று பகுதிகள் அமைந்திருக்கும். ஆலையில் தீட்டும்போது உதிரும் கனித்தோலும் விதையுறையும் அல்யூரோனும் சேர்ந்ததே தவிடு. தீட்டும்போது கருவும் பெரும்பாலும் அதோடு போய்விடும். கோதுமை மணியின் எடையில் மாவுப் பகுதி ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காடு, தவிடு சுமார் 15 விழுக்காடு, கரு 2 அல்லது 3 விழுக்காடு. மேலே சொன்ன நீல ஒளிர்வு மிக வலுவாகத் தெரிவது அல்யூரோன் செல்களின் தடித்த சுவர்களில்தான்.

உமி இவை எதிலும் சேராது. அது பூவின் செதில்களிலிருந்து உருவாகி, மணியை வெளியிலிருந்து மூடி நிற்கும் கூடு. நெல், வாற்கோதுமை, ஓட்ஸ், சாமை, வரகு, தினை போன்றவற்றில் அறுவடைக்குப் பின்னும் உமி மணியை விட்டு விலகுவதில்லை. கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு ஆகியவற்றில் மணி கதிரடிக்கும்போதே வெளிவந்துவிடுவதால், அவற்றின் தோலைப் பற்றிப் பேசும்போது தவிட்டையும் விதையுறையையுமே குறிப்பிடுகிறோம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதில் சிலிக்கா மிகுதி. மனிதர் உண்ணத் தக்கதும் அன்று. எனவே உமியின் பீனாலிக் சேர்மங்கள் என்றால் அது பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதைப் பற்றிய பேச்சு. தவிட்டின் பீனாலிக் சேர்மங்கள் என்றால் அது உணவைப் பற்றிய பேச்சு. இந்த இரண்டையும் கலந்து எழுதப்படும் குறிப்புகளைப் படிக்கும்போது வாசகர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பீனால் என்ற அமைப்பும் அது செய்யும் வேலையும்

ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த பென்சீன் வளையத்தில், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே பீனால் அமைப்பு. இந்த அமைப்பு ஒன்றோ பலவோ உள்ள தாவரப் பொருள்கள் அனைத்தையும் பீனாலிக் சேர்மங்கள் என்கிறோம். ஒரே ஒரு வளையம் கொண்ட சிறிய அமிலத்திலிருந்து பல நூறு வளையங்கள் பின்னிய லிக்னின் வரை இக்குடும்பம் விரிந்து கிடக்கிறது. தாவரம் இவற்றில் பெரும்பாலானவற்றை ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கி, நொதிகளின் துணையோடு படிப்படியாக உருவாக்குகிறது. பூஞ்சையும் பூச்சியும் புறஊதாக் கதிரும் முதலில் தாக்குவது மேற்பரப்பைத்தான் என்பதால், இவை மணியின் வெளிப்புறத்தில் திரண்டிருப்பதில் வியப்பில்லை. மக்காச்சோள மணியின் தோலில் ஃபெருலிக் அமிலம் மிகுந்த வகைகளை வண்டு துளைப்பது கடினமாக இருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்ற சொல்லைப் புரிந்துகொள்ள, தவிட்டு எண்ணெய் கெட்டுப்போவதை எடுத்துக்கொள்வோம். எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு பிடுங்கப்பட்டால், இணையில்லாத எலக்ட்ரானோடு ஒரு துண்டு எஞ்சும். ஃப்ரீ ராடிக்கல் என்று பரவலாகச் சொல்லப்படும் தனி உறுப்பு என்பது இதுதான். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சில் தனி உறுப்பாகி, பக்கத்திலுள்ள இன்னொரு கொழுப்பு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த மூலக்கூறு அடுத்ததிடம் பறிக்கும். இப்படி ஒன்று பலவாகத் தொடரும் சங்கிலி வினையின் முடிவில் உண்டாகும் சிறு மூலக்கூறுகள்தாம் சிக்கு வாடையாக மூக்கில் ஏறுகின்றன.

இந்தச் சங்கிலியின் நடுவே ஒரு பீனாலிக் மூலக்கூறு வந்தால், அது தன் ஹைட்ராக்சில் தொகுதியிலுள்ள ஹைட்ரஜனைப் பெராக்சில் தனி உறுப்புக்குக் கொடுத்து அதை அடக்கிவிடுகிறது. ஹைட்ரஜனைக் கொடுத்தபின் பீனாலிக் மூலக்கூறும் ஒரு தனி உறுப்புதானே, அது ஏன் அடுத்தவரிடம் பறிக்கப் போவதில்லை என்று கேட்கத் தோன்றும். தொடக்கநிலை வாசகர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது. இணையற்ற அந்த எலக்ட்ரான் ஆக்சிஜன் அணுவின்மேல் மட்டும் நிற்காமல், வளையம் முழுவதும் உடனிசைவால் பரவிவிடுகிறது. பரவிய எலக்ட்ரானுக்குப் பறிக்கும் வேகம் குறைவு. ஆகவே சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகிறது. வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதிக்கு அருகிலேயே இன்னொரு ஹைட்ராக்சிலோ மெத்தாக்சி தொகுதியோ இருந்தால் இந்த நிலைத்தன்மை மேலும் கூடும். அதனால்தான் ஒரே ஒரு ஹைட்ராக்சில் மட்டும் கொண்ட பாரா-கூமரிக் அமிலத்தைவிட, அதற்குப் பக்கத்தில் மெத்தாக்சியும் உள்ள ஃபெருலிக் அமிலம் வலுவான எதிர்ப்பியாக இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரு ஹைட்ராக்சில் கொண்ட காஃபிக் அமிலம் பொதுவாக அதையும் மிஞ்சுகிறது. மேலும் சில பீனாலிக் சேர்மங்கள் இரும்பு, செம்பு அயனிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, தனி உறுப்புகள் தோன்றும் வாய்ப்பையே குறைக்கின்றன.

தானியங்களில் எவை உள்ளன

ஃபெருலிக் அமிலத்தின் பெயர்க் காரணம் தமிழ் வாசகருக்குப் பிடிக்கும். 1866ஆம் ஆண்டில் ஹ்லாசிவெட்ஸ், பார்த் என்ற வேதியியலாளர்கள் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது தானியத்திலிருந்து அல்ல, பெருங்காயப் பிசினிலிருந்து. பெருங்காயச் செடியின் பேரினப் பெயர் ஃபெருலா. அமிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. கோதுமைத் தவிட்டின் எடையில் ஏறத்தாழ அரை விழுக்காடும், மக்காச்சோளத் தவிட்டில் 3 விழுக்காடு வரையும் இது இருக்கிறது. ஒரு நுண்பொருளுக்கு இது மிகப் பெரிய அளவு. தீட்டிய வெள்ளை மாவில் இதில் சிறு பகுதியே எஞ்சும்.

தானியங்களின் பீனாலிக் அமிலங்களில் ஃபெருலிக், பாரா-கூமரிக், காஃபிக், சினாபிக் அமிலங்கள் ஒரு கிளை; வனிலிக், சிரிஞ்சிக், புரோட்டோகேட்சுயிக், பாரா-ஹைட்ராக்சிபென்சோயிக் அமிலங்கள் இன்னொரு கிளை. பின்னவை அளவில் குறைவு; அவற்றில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தானியத்துக்கும் உரிய தனித்தன்மைகளைப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

கருநிற அரிசியின் நிறம் சயனிடின்-3-குளுக்கோசைடு முதலான ஆந்தோசயனின்களால் வருவது. அவை தவிட்டு அடுக்கில் மட்டுமே இருப்பதால், தீட்டினால் நிறமும் அவற்றோடு போய்விடும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கருநிற அரிசியை ஊறவைத்த நீர் ஊதாவாக இருக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் சிவப்பாகத் தெளியும், சமையல் சோடாவைத் தூவினால் நீலத்தை நோக்கி நகரும். அமில, கார நிலைக்கேற்ப ஆந்தோசயனின் மூலக்கூறின் அமைப்பு மாறுவதே இந்த நிறமாற்றத்துக்குக் காரணம். சிவப்பரிசியின் நிறம் வேறு வகை. அது புரோஆந்தோசயனிடின் எனப்படும் செறிந்த டானின்களால் ஆனது. காட்டு நெல்லின் மணி இயல்பிலேயே சிவப்பு. இன்று உலகில் பயிராகும் வெள்ளரிசி வகைகளில் மிகப் பெரும்பாலானவை வெண்மையானது, ஒரே மரபணுவில் டிஎன்ஏவின் எழுத்துகள் எனத்தக்க கார இணைகள் 14 விடுபட்டுப் போனதால்தான் என்பது 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. உழவர்கள் அந்த வெண்மையை விரும்பித் தேர்ந்தெடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அதோடு மணியின் ஒரு பாதுகாப்புப் பொருளும் கழன்றுபோயிற்று.

சோளத்தில் சில வகைகளின் விதையுறையில் செறிந்த டானின் உண்டு, பல வகைகளில் இல்லை. மேல்தோலின் நிறத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சிவப்புச் சோளம் எல்லாமே டானின் சோளம் என்ற எண்ணம் தவறானது. இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காரம் சேர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் வெளுப்புக் கரைசலில் மணிகளைச் சிறிது நேரம் ஊறவைத்தால் மேல்தோல் கரைந்துபோகும். நிறமுள்ள விதையுறை கொண்ட டானின் மணிகள் கன்னங்கரேலென மாற, மற்றவை வெளிறிக் கிடக்கும். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் அதன் சுவை துவர்ப்பு. அதனாலேயே பறவைகள் அந்தக் கதிரை அவ்வளவாக விரும்புவதில்லை. அதனாலேயே அந்தச் சோளத்தின் புரதம் எளிதில் செரிப்பதும் இல்லை. தாவரத்துக்கு நன்மையாக இருக்கும் பொருள் உண்பவருக்கும் எப்போதும் நன்மையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. சோளத்துக்கே உரிய இன்னொரு செல்வம் 3-டீஆக்சிஆந்தோசயனிடின்கள். சாதாரண ஆந்தோசயனின்களைவிட இவற்றின் நிறம் நிலைத்து நிற்பதால், இயற்கை உணவுச் சாயமாக இவற்றைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன.

கேழ்வரகின் பீனாலிக் சேர்மங்களில் பெரும்பகுதி அதன் செங்கபில விதையுறையில் இருக்கிறது. மணி மிகச் சிறியது என்பதால் அதன் தோலைத் தனியே நீக்குவது கடினம். பொதுவாக முழு மணியும் அப்படியே அரைபடுகிறது. ஓட்ஸில் அவெனாந்த்ரமைடுகள் என்ற சேர்மங்கள் உள்ளன. உணவுத் தானியங்களுள் இவை ஓட்ஸுக்கே உரியவை.

கோதுமை, ரை, வாற்கோதுமை ஆகியவற்றின் தவிட்டில் அல்கைல்ரிசார்சினால்கள் இருக்கின்றன. இவை பீனால் வளையத்தில் நீண்ட கார்பன் வால் ஒட்டிய கொழுப்புத்தன்மை கொண்ட பொருள்கள். மாவுப் பகுதியில் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒருவர் முழுக் கோதுமையோ முழு ரையோ உண்டால் இவை அவருடைய இரத்தத்தில் தென்படும். வெள்ளை மாவு மட்டும் உண்டால் தென்படுவது மிகச் சொற்பம். வாலில் 17 கார்பன் உள்ளவற்றுக்கும் 21 கார்பன் உள்ளவற்றுக்குமான விகிதம் ரையில் ஏறத்தாழ 1, கோதுமையில் ஏறத்தாழ 0.1 என்பதால், உண்டது எந்தத் தானியம் என்பதைக்கூட ஓரளவு ஊகிக்கலாம். வாய்மொழியை மட்டுமே நம்பியிருந்த உணவு ஆய்வுகளுக்கு இது பெரிய துணை.

அரிசித் தவிட்டு எண்ணெயின் ஓரைசனால் 1950களில் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டபோது அதை ஒற்றைச் சேர்மமாகக் கருதினார்கள். ஸ்டெரால்களும் ட்ரைடெர்பீன் ஆல்கஹால்களும் ஃபெருலிக் அமிலத்தோடு எஸ்டர் பிணைப்பில் (அமிலமும் ஆல்கஹாலும் இணையும் பிணைப்பு) சேர்ந்த பல பொருள்களின் கலவை அது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஃபெருலிக் அமிலம் சுவரோடு சேர்ந்தால் சுவரிலேயே கிடக்கிறது. ஸ்டெராலோடு சேர்ந்தால் எண்ணெயில் கரைந்து எண்ணெயோடு வந்துவிடுகிறது. எண்ணெயைக் காரம் சேர்த்துச் சுத்திகரித்தால் ஓரைசனாலின் பெரும்பகுதி சோப்புக் கசடோடு வெளியேறிவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கட்டுண்ட நிலை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தானியத்தின் பீனாலிக் சேர்மங்கள் மூன்று நிலைகளில் இருக்கின்றன: எதனோடும் சேராமல் தனித்து இருப்பவை, சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளோடு சேர்ந்து கரையும் நிலையில் இருப்பவை, செல்சுவரோடு பிணைந்து கரையாமல் கிடப்பவை. ஃபெருலிக் அமிலத்தைப் பொறுத்தவரை மக்காச்சோளம், கோதுமை, ஓட்ஸ், அரிசி ஆகியவற்றில் இந்த மூன்றின் விகிதம் ஏறத்தாழ 0.1 : 1 : 100 என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். மொத்த பீனாலிக் சேர்மங்களை எடுத்துக்கொண்டாலும் கட்டுண்ட பங்கு மக்காச்சோளத்தில் 85 விழுக்காடு, கோதுமையிலும் ஓட்ஸிலும் ஏறத்தாழ 75 விழுக்காடு, அரிசியில் 62 விழுக்காடு என்று அதே ஆய்வு காட்டியது. அதற்கு முன் பலரும் ஆல்கஹாலில் கரைந்து வந்ததை மட்டும் அளந்து, பழங்களோடும் காய்களோடும் ஒப்பிட்டால் தானியத்தில் பீனாலிக் சேர்மங்கள் குறைவு என்று முடிவு கட்டியிருந்தார்கள். கரையாமல் வடிதாளில் தங்கிய சக்கையில்தான் பெரும்பகுதி இருந்தது.

அந்தப் பிணைப்பு எப்படிப்பட்டது? தானியத் தவிட்டின் செல்சுவரில் அரபினோசைலான் என்ற நீண்ட சர்க்கரைத் தொடர் உண்டு. சைலோஸ் அலகுகள் கோத்த முதுகெலும்பில் ஆங்காங்கே அரபினோஸ் அலகுகள் கிளையாக நிற்கும். அந்தக் கிளையின் முனையில் ஃபெருலிக் அமிலம் எஸ்டர் பிணைப்பால் தொங்கும். இரு வேறு தொடர்களில் தொங்கும் இரண்டு ஃபெருலிக் அமிலங்கள் பெராக்சிடேஸ் நொதியின் துணையோடு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டால், இரண்டு தொடர்களும் இறுகக் கட்டப்பட்டுவிடும். டைஃபெருலிக் அமிலம் என்பது அந்த முடிச்சின் பெயர். முடிச்சுகள் மிகுந்தால் சுவர் உறுதியாகிறது. பூஞ்சையின் நொதிகளாலும் அதை எளிதில் கரைக்க முடிவதில்லை. ஆக, ஃபெருலிக் அமிலம் தாவரத்துக்குச் செய்யும் முதன்மையான வேலை கட்டுமான வேலை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது அதன் வேதியியல் அமைப்பால் கூடவே வாய்த்த திறன் என்றே நான் கருதுகிறேன்.

ஆய்வகத்தில் இந்தக் கட்டை அவிழ்க்க, சக்கையைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில், காற்று படாதபடி நைட்ரஜன் சூழலில் சில மணி நேரம் கலக்கிவிடுவார்கள். காரம் எஸ்டர் பிணைப்பை அறுத்துவிடும். பிறகு கரைசலை அமிலமாக்கி, எத்தில் அசிடேட்டில் பீனாலிக் அமிலங்களை வாங்கிக்கொள்ளலாம். நைட்ரஜன் எதற்கென்றால், காரக் கரைசலில் இச்சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் விரைவில் சிதைந்துவிடும் என்பதற்காகத்தான்.

அளவிடும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1927இல் ஃபோலின், சியோகால்ட்டு என்ற இருவர் வகுத்த மஞ்சள் நிறக் கரணி, பீனாலிக் சேர்மத்திடம் எலக்ட்ரானைப் பெற்று நீலமாக மாறும். நீலத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்து, காலிக் அமிலத்துக்கு இணையான அளவாகச் சொல்வார்கள். ஆனால் வைட்டமின் சியும், சில சர்க்கரைகளும், புரதத்திலுள்ள டைரோசினும்கூட இதே கரணியை நீலமாக்கும். டிபிபிஹெச் என்ற ஊதா நிறத் தனி உறுப்பு வெளிறுவதை அளப்பது இன்னொரு முறை. இவையெல்லாம் கண்ணாடிக் குடுவைக்குள் நடப்பவை. அங்கே கிடைக்கும் எண் உடலுக்குள் கிடைக்கும் பயனைக் காட்டாது. உணவுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு எண்களைப் பட்டியலிட்டு இணையத்தில் வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்கள் விளம்பரங்களில் தவறாகப் பயன்படுவதைக் கண்டு, 2012இல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. அது சரியான முடிவு.

உண்டபின் என்ன ஆகிறது

தனித்த நிலையிலும் கரையும் நிலையிலும் உள்ள சிறு பங்கு இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்படுகிறது. கட்டுண்ட பெரும்பங்கை அவிழ்க்கும் நொதிகள் நம் செரிமானச் சுரப்புகளில் போதிய அளவு இல்லாததால், அது நார்ச்சத்தோடு நார்ச்சத்தாகப் பெருங்குடல் வரை செல்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அரபினோசைலானை உணவாக்கிக்கொள்ளும்போது, ஃபெருலாயில் எஸ்டரேஸ் என்ற நொதியால் ஃபெருலிக் அமிலத்தைக் கழற்றிவிடுகின்றன. அதில் ஒரு பகுதியை இன்னும் சிறிய அமிலங்களாக மாற்றுகின்றன. பழச்சாற்றின் பீனாலிக் சேர்மங்கள் உண்ட சற்று நேரத்தில் இரத்தத்தில் ஏறி இறங்கிவிட, தவிட்டிலிருந்து வருபவை மெதுவாக, பல மணி நேரம் வெளிப்பட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம். பெருங்குடலின் உட்சுவர்தான் இவற்றை மிகுதியாகச் சந்திக்கும் இடமாகவும் இருக்க வேண்டும்.

உறிஞ்சப்பட்ட ஃபெருலிக் அமிலமும் அதே வடிவில் உலவுவதில்லை. குடற்சுவரும் கல்லீரலும் அதில் சல்ஃபேட்டையோ குளுக்குரோனிக் அமிலத்தையோ ஒட்டிவிடுகின்றன. சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் அது எட்டும் செறிவு மிகச் சிறியது. ஆகவே தவிட்டை உண்டால் பீனாலிக் சேர்மங்கள் உடலெங்கும் சென்று தனி உறுப்புகளை வேட்டையாடும் என்ற படம் மிகைப்பட்டது. முழுத்தானியம் உண்பவர்களிடம் இதய நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாகக் காணப்படுவதைப் பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆயினும் நார்ச்சத்து, மக்னீசியம், வைட்டமின்கள், மெதுவான செரிமானம் என எத்தனையோ காரணங்கள் ஒருங்கே செயல்படும் உணவில், பெருமை முழுவதையும் பீனாலிக் சேர்மங்களுக்கே கொடுக்க இயலாது. எதிர்ப்பி என்ற பெயருடைய எதுவானாலும் மாத்திரையாக விழுங்கினால் நல்லதுதானே என்று நினைப்பவருக்கு, பின்லாந்தில் நடந்து 1994இல் வெளியான ஆய்வை நினைவூட்டுவது கடமை: அங்கே புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா-கரோட்டின் கொடுத்தபோது, நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 18 விழுக்காடு கூடியது. பீட்டா-கரோட்டின் பீனாலிக் சேர்மம் அல்ல. ஆனால் அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் உண்டு. டானின் போன்ற சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால், உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறையும். தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் இதே வேலையைச் செய்கிறது. வைட்டமின் சி நிறைந்த ஒன்றைச் சேர்த்து உண்பது இந்தத் தடையை ஓரளவு தளர்த்தும்.

தானியத்தைப் பக்குவப்படுத்தும் முறைகளைக் கட்டு அவிழ்ப்பது என்ற கண்ணோடு பார்த்தால் அவை நன்றாக விளங்கும். முளைகட்டும்போது மணியின் சொந்த நொதிகளே சுவரைத் தளர்த்துகின்றன. புளிக்கவைக்கும்போது நுண்ணுயிரிகளின் நொதிகளும் அமிலமும் அதைச் செய்கின்றன. தவிட்டை மிக நுண்ணிய தூளாக அரைத்தால் செல்சுவர்கள் கிழிபட்டு, குடல் பாக்டீரியாக்களுக்கு வேலை எளிதாகிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைப்பது, ஆய்வகத்தில் காரம் செய்யும் அதே வேலையின் மென்மையான வடிவம். அவிழ்ந்த ஃபெருலிக் அமிலத்தில் ஒரு பகுதி அந்த நீரிலேயே கரைந்து போய்விடும். வெப்பம் இருமுனைக் கத்தி: ஆந்தோசயனின்களில் ஒரு பங்கைச் சிதைக்கும், கட்டுண்ட அமிலங்களில் ஒரு பங்கை விடுவிக்கும்.

தவிடு இவ்வளவு எதிர்ப்பிகள் கொண்டிருந்தும் ஏன் விரைவில் சிக்கு வாடை அடிக்கிறது என்று கேட்பவர் உண்டு. தீட்டியவுடன் தவிட்டிலுள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயைச் சந்தித்து அதைக் கொழுப்பு அமிலங்களாகப் பிளக்கத் தொடங்குகிறது. இது நீரால் பிளத்தலே அன்றி ஆக்சிஜனேற்றம் அல்ல என்பதால், எதிர்ப்பியால் இதைத் தடுக்க முடியாது. அதன் பிறகு வரும் ஆக்சிஜனேற்றத்தின்போதும் பெரும்பாலான ஃபெருலிக் அமிலம் எண்ணெய்த் துளிக்கு எட்டாமல் சுவரில் கட்டுண்டு கிடக்கிறது. அதனால்தான் தவிட்டைத் தீட்டிய சூட்டோடு வெப்பத்தால் பதப்படுத்தி நொதியை முடக்குகிறார்கள்.

உமியிலிருந்து எடுப்பது

உமியின் சுவரில் அரபினோசைலானோடு லிக்னினும் மிகுதி. லிக்னினே ஒரு மாபெரும் பீனாலிக் வலை. புற்குடும்பத்துத் தாவரங்களில் அந்த வலையோடு பாரா-கூமரிக் அமிலம் ஒட்டியிருப்பது இயல்பு என்பதால், நெல் உமியில் அதன் அளவு கணிசமானது. ட்ரைசின், ஐசோவைடெக்சின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் உமியில் உண்டு. முளைக்கும் கருவைக் காலமெல்லாம் மூடிக் காக்கும் கூட்டுக்கு இவை பொருத்தமான பொருள்களே. ஆனால் லிக்னினும் சிலிக்காவும் சேர்ந்த உமியைத் திறப்பது தவிட்டைத் திறப்பதைவிடக் கடினம்; வலுவான காரமும் வெப்பமும் தேவைப்படும். காரம் சிலிக்காவையும் சேர்த்துக் கரைத்துவிடுவதால், பிறகு அதை வேறாக்கும் வேலையும் கூடும். ஆகையால் ஃபெருலிக் அமிலத்தை வணிக அளவில் எடுப்பதற்கு, காரச் சுத்திகரிப்பில் ஓரைசனாலோடு வெளியேறும் தவிட்டு எண்ணெய்ச் சோப்புக் கசடே வசதியான மூலமாக இருக்கிறது.

எடுத்த ஃபெருலிக் அமிலம் புறஊதாக் கதிரை உறிஞ்சும் இயல்பால் தோல் பூச்சுகளில் சேர்கிறது. சில நுண்ணுயிரிகளிடம் கொடுத்தால், அவை அதன் பக்கச் சங்கிலியிலிருந்து இரண்டு கார்பன்களை நறுக்கி, வனிலா மணத்துக்குக் காரணமான வனிலினாக மாற்றித் தருகின்றன; சந்தையில் இயற்கை வனிலின் என்ற பெயரில் விற்பதில் ஒரு பங்கு இப்படி வருவதே. சில ஈஸ்டுகளும் கடும் வெப்பமும் அதிலிருந்து கார்பன் டைஆக்சைடை மட்டும் நீக்கினால் கிடைப்பது 4-வினைல்குவாயக்கால். அதன் வாசனை கிராம்பை ஒத்திருக்கும். முழுத்தானிய மாவை வறுக்கும்போது எழும் மணத்தில், வெள்ளை மாவில் கிட்டாத அந்த இலேசான கிராம்பு நெடிக்கு, சுவரிலிருந்து கழன்ற ஃபெருலிக் அமிலமும் ஒரு காரணம்.